‘பேச மாட்டார்’ என்று நான் எழுதிய பெண்

உங்களில் இரண்டு பேர் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். மேற்படிப்பின் முடிவில் எழுத வேண்டிய நோயாளர் ஆய்வுக்கு எப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுத்தால் நல்ல மதிப்பெண் வரும் என்று. நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்காகத்தான் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் பொது வார்டில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மனநலச் செவிலியர் மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். எனக்கு இருபத்தேழு வயது. எங்கள் குழுவில் நான்தான் அதிகம் படிப்பவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நல்ல மழையில், ஃபெரித் துறை அருகே ஒரு பெண் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் போலீசார் எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கையில் பை இல்லை, அடையாள அட்டை இல்லை. பார்த்தால் சீனப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். யாரையும் கிட்டே விடவில்லை. ஊசி போட்டுத்தான் படுக்கவைத்தார்கள். முழுப் பரிசோதனையை மறுநாள் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் எழுதினார். மறுநாள் வார்டில் கூட்டம். பரிசோதனை தள்ளிப்போனது.

எங்கள் வார்டு சிஸ்டர் சீனர். அன்பானவர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் ஹொக்கியனில் பேசிப் பார்த்தார், கண்டோனிஸில் பேசிப் பார்த்தார், மாண்டரினில் பேசிப் பார்த்தார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொந்த மொழியைக் கேட்டால் பயம் தெளியும் என்று நினைத்து, சிஸ்டர் இரண்டு சீன நர்ஸ்களையே அவளைக் கவனிக்கப் போட்டார். அவர்கள் தலையை வருடிக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினார்கள். அவள் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டாள். கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை.

புதன்கிழமை காலை நான் அவளை என் ஆய்வுக்குக் கேட்டு வாங்கினேன். பேச்சே இல்லாத நோயாளி. புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று தோன்றியது. வார்டின் ஓரத்து அறையில் அவள் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தையில் கற்றுக்கொண்ட ஹொக்கியனில் “சாப்பிட்டாயா, பெயர் என்ன” என்று இரண்டு முறை கேட்டேன். பதில் இல்லை. அதன் பிறகு நோட்டை விரித்து எழுத ஆரம்பித்தேன். மதியத்துக்குள் ஆறு பக்கம். முதல் வரி, ‘பேச மாட்டார்’.

மூன்று மணி வாக்கில் அவள் சட்டையில் இரண்டு ஈரத் திட்டுகளைப் பார்த்தேன். நெஞ்சுப் பக்கம். அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் ஆசிரியர், அவளுக்குப் போட்ட வகை மருந்துகளில் சிலது பெண்களுக்குப் பால் சுரக்க வைக்கும் என்று பாடம் நடத்தியிருந்தார். எனக்கு ஒரே பெருமை. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா. வார்டுக் குறிப்பில் ‘மருந்தின் பக்கவிளைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாலை வேலைக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ் அதைப் படித்துவிட்டு, “நல்லாப் பாத்திருக்க” என்றார். நான் நிம்மதியாக விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அந்தத் தூக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு வார்டுக்குப் போனபோது, மாற்றல் தாள் மேசைமேல் இருந்தது. உறவினர் யாரும் தேடி வரவில்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை காலை வண்டியில், வேறு மாநிலத்தில் இருக்கும் பெரிய மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெயரில்லாமல் போனவர்கள் பெயரில்லாமலே பல வருஷம் இருந்துவிடுவார்கள்.

வார்டில் துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் ஒரு மலாய்க்கார அம்மா. மலாயில் அத்தை என்ற பொருளில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். ஐந்து பிள்ளை பெற்றவர். அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டே மலாயில் என்னிடம் கேட்டார்.

“இந்தப் பொண்ணோட குழந்தைய யார் பார்த்துக்குறா?”

“எந்தக் குழந்தை, மக்சிக்?”

“பால் கட்டி நெஞ்சு பாறையா இருக்கே. முதல் நாள் நான் சட்டை மாத்தும்போதே நனைஞ்சிருந்தது. மழைன்னு போலீஸ்காரர் சொன்னார். மழையில நனைஞ்சா பால் வாசனை அடிக்குமா?”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“என்னை யாரும் கேக்கல லா. உங்களுக்கெல்லாம் தெரியும்னு நினைச்சேன்.”

முதல் நாள். அதாவது மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பு. அந்தப் பக்கவிளைவு தெரிய எத்தனையோ நாள் ஆகும் என்று அதே பாடத்தில் ஆசிரியர் சொல்லியிருந்தார். நான் முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். இந்தப் பெண் பிள்ளை பெற்று அதிக நாள் ஆகவில்லை. செவ்வாய் மதியத்திலிருந்து இங்கே இருக்கிறாள். அப்படியானால் அந்தக் குழந்தை எங்கே?

உங்களிடம் மறைப்பதில் பயன் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மக்சிக் சொன்னதை மட்டும் சிஸ்டரிடம் சொல்லலாம். என் குறிப்பைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். யாரும் பழைய பக்கத்தைப் புரட்டப் போவதில்லை. அந்த யோசனையோடு சிஸ்டர் அறைவரை நடந்தேன். உள்ளே போனதும் அது முடியவில்லை. “சிஸ்டர், நேத்து மூணு மணிக்கே நான் பார்த்தேன். தப்பா எழுதிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தபடியே, “போலீசுக்கு நான் சொல்றேன். நீ போய் அவகிட்ட இரு. அழறதா இருந்தா அப்புறம் அழு” என்றார்.

ஓடினேன். கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, எனக்குத் தெரிந்த ஹொக்கியனில் குழந்தை எங்கே, குழந்தை எங்கே என்று கேட்டேன். அவள் உடம்பு விறைத்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் இல்லை, எனக்கு நானே, வாய்விட்டுச் சொன்னேன்.

“கடவுளே, பச்சப் புள்ள எங்க கெடக்குதோ.”

சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. நல்ல, தெளிவான தமிழ்.

“ஒண்ணும் கெடக்கல. தூங்குறான்.”

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு நொடி அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. நம் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பெண் குழந்தை வேண்டாம் என்று சில சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட, தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த பிள்ளைகள் எத்தனை பேர். என் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள், பூ வைத்துக்கொண்டு தேவாரம் பாடுவார்கள். தெரிந்தும் எனக்கு ஏன் தோன்றவில்லை? முகத்தைப் பார்த்ததும் மொழியை நானே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதற்கெல்லாம் அப்போது நேரம் இல்லை. அவள் சொன்ன சொல் என் நெஞ்சில் கனத்தது. தூங்குறான். பிள்ளை பெற்றதும் வரும் இந்த மனநோயில் ஒரு தாய் அப்படிச் சொன்னால் அதற்கு என்னென்ன பொருள் இருக்கக்கூடும் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். ‘எங்கே’ என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. அதே சமயம் காக்கிச் சட்டை வாசலில் தெரிந்தது. சிஸ்டரும் ஒரு போலீஸ்காரரும். அவரைப் பார்த்ததும் அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

நான் எழுந்து போய் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன். “தமிழ் பேசுறாங்க. கொஞ்ச நேரம் எங்கிட்ட விடுங்க.”

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். “தமிழா? அப்ப இந்த ரெண்டு நாளா நாங்கதான் பயமுறுத்திட்டு இருந்தோமா?” அவருக்கு எவ்வளவு சீக்கிரம் புரிந்தது என்று இன்றுவரை வியக்கிறேன். “பத்து நிமிஷம். நான் கண்ணுல படாம நிக்கிறேன்” என்று சொல்லி, போலீஸ்காரரையும் அந்த இரண்டு நர்ஸ்களையும் அழைத்துக்கொண்டு போனார்.

பத்து நிமிடத்தில் எதைக் கேட்பது? குழந்தையைப் பற்றி மறுபடி கேட்டால் அவள் மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் என் எதிரே இருந்ததைக் கேட்டேன்.

“மார் வலிக்குதாம்மா?”

மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பிறகு, “கல்லு மாரி இருக்கு” என்றாள்.

மக்சிக்கைக் கூப்பிட்டேன். வெந்நீரும் துண்டும் கொண்டுவந்தார். துண்டை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தோம். மக்சிக் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவளே பாலைப் பிழிந்து விட்டாள். வலி குறையக் குறைய அவள் தோள்கள் தளர்ந்தன. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீங்களும் அவங்க பாஷையில பேசுனீங்க மிஸ்ஸி” என்றாள் திடீரென்று. “அவங்க அனுப்புன ஆளுன்னு நெனச்சேன்.”

“யாரு அனுப்புனது?”

“என்னைக் குடுத்தவங்க. பொம்பளப் புள்ளன்னு குடுத்துட்டாங்க. இப்ப எனக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. கேட்டு வராம இருப்பாங்களா? ராவும் பகலும் வாசல்ல பேச்சுக் குரல் கேட்டுச்சு. அதான் புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு அன்பான முகமும் அவளுக்கு அவள் பிள்ளையைப் பறிக்க வந்த முகம்.

“இங்க யாரும் உங்க புள்ளயக் கேட்டு வரல. புள்ள யாருகிட்ட தூங்குறான்?”

“அக்காகிட்ட.”

“எந்த அக்கா?”

“பள்ளிவாசல் பக்கத்துல துணிக்கடை. முக்காடு போட்ட அக்கா. தமிழ்ல பேசுச்சு. கொஞ்ச நேரம் வச்சிருங்க, வந்துடுறேன்னு குடுத்தேன். அவங்க வீட்டுக்குள்ள யாரும் வந்து தேட மாட்டாங்கல்ல?”

இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பலகை வைத்திருக்கும் தெருவுக்கு அப்போதெல்லாம் வேறு பெயர். போலீஸ் வண்டியில் நானும் போனேன். அவள் சொன்னது நடந்ததா, அல்லது அவள் மனம் கட்டியதா என்று எனக்கு நிச்சயம் இல்லை. பள்ளிவாசலுக்கு அருகே நாலைந்து துணிக்கடைகள். முதல் கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவது கடைக்குள் நான் நுழைந்தபோதே, உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. குழந்தை அழுவது அவ்வளவு இனிமையாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

முக்காடு போட்ட ஓர் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். சீருடையைப் பார்த்ததும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு வந்து கேட்டாதான் குடுப்பேன்” என்றார். “வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போச்சு. போலீசுக்குப் போனா புள்ளய எங்கயாச்சும் இல்லத்துல கொண்டு போய்ச் சேத்துடுவாங்கன்னு நாங்க போகல. எம் மவளுக்குக் கைக்குழந்தை இருக்கு, அவதான் பால் குடுக்குறா. நீங்க யாரு? அந்தப் பொண்ணு பேரு என்னா, சொல்லுங்க பாப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன், பெயர் தெரியாது. அன்று காலைகூட அவள் வாயைத் திறந்த பிறகு பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். போலீஸ்காரர் பொறுமை இழந்து கையை நீட்டினார். நான் அவரைத் தடுத்து, அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“பேரு தெரியாதுக்கா. நான் கேக்காம விட்டது தப்பு. நீங்க குடுக்க வேணாம். நீங்களே புள்ளயத் தூக்கிட்டு எங்களோட வாங்க. அவங்களே வாங்கிக்கட்டும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “மவளே, கடையப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வண்டியில் ஏறியதும் குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி ஒரு தாலிச் சரடு கட்டியிருந்தது. தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றிப் பிள்ளைக்குக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

வார்டில் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் சொன்னபடியே கண்ணில் படாமல் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். கடைக்கார அம்மா உள்ளே போய், “இந்தாம்மா, உம் புள்ள. என்னமோ கொஞ்ச நேரம்னு சொன்ன” என்றார்.

அவள் கையை நீட்டினாள். டாக்டர் அனுமதித்தார், நாங்கள் இரண்டு பேர் இரு பக்கமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். விரல்களை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மக்சிக் ஓர் ஓரத்தில் நின்று தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் காலையில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு நர்ஸ் என் இடத்துக்கு வந்ததும் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசை தீர அழுதேன்.

பெயர் லெட்சுமி. வீடு கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். மதியம் மூன்று மணிக்கு அவள் கணவர் ஓடி வந்தார். லோரி ஓட்டுகிறவர், இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். எல்லாப் போலீஸ் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்டிருக்கிறார். புதன்கிழமை எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறார். நான் ஆறு பக்கம் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கீழே முகப்பில் நின்று, இந்தியப் பெண் யாராவது வந்திருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

“பொறப்புல சீனப் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றேன். தாங்க முடியாமல்தான் கேட்டேன்.

அவர் விழித்தார். “என்ன இனம்னு கேட்டாங்க மிஸ்ஸி. இந்தியன்னு சொன்னேன். அவ எங்க அத்தை மக. சின்ன வயசுலேருந்து கூடவே வளந்தவ. அவ மொகம் அப்படி இருக்குங்கிறது எனக்கு ஞாபகமே வரல.”

வெள்ளிக்கிழமை வண்டி அவள் இல்லாமல் போனது. என் ஆறு பக்கத்தை நான் கிழிக்கப் போனேன். வார்டுக் குறிப்பில் இருந்ததையும் வெள்ளை பூசி மறைக்கலாமா என்று கேட்டேன். சிஸ்டர் விடவில்லை. “எழுதினது இருக்கட்டும். கீழே தேதி போட்டு, என்ன தப்பு, யார் திருத்தினாங்கன்னு எழுது” என்றார். எழுதினேன். மக்சிக்கின் முழுப் பெயரையும் எழுதினேன். அந்த வார்டின் குறிப்புகளில் அவர் பெயர் வந்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். என் ஆய்வையும் அந்தத் தவறிலிருந்தே தொடங்கினேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்து என்னைக் குடைந்தார்கள். மதிப்பெண் நடுத்தரம்தான். தேறிவிட்டேன்.

லெட்சுமி ஆறு வாரத்தில் குணமாகி வீட்டுக்குப் போனாள். போகும்முன் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மன்னிப்புக் கேட்டாள். சிஸ்டர், “நான்தான் கேட்கணும்” என்றார்.

மூன்று ஆண்டு கழித்து அவள் மறுபடி உண்டானாள். முதல் பிரசவத்துக்குப் பின் வந்த நோய் மறுபடியும் வரக்கூடும். கணவருக்கு அது தெரியும், நாங்கள் சொல்லியிருந்தோம். இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து முன்னாலேயே பேசி வைத்தோம். மாமியார் இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லையென்றால் கணவர் உடனே போன் செய்வார். பிள்ளை பிறந்த ஆறாம் நாள் போன் வந்தது. டாக்டர் மருந்தை அன்றைக்கே தொடங்கினார். அடுத்த சில நாட்கள் நான் எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் திரிந்தேன். போன் மணி அடித்துவிடுமோ என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

பதினைந்தாம் நாள் வேலை ஓய்வில் சிம்பாங் அம்பாட் போனேன். லெட்சுமியே கதவைத் திறந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, கையில் கரண்டியோடு. பிறந்திருந்தது பெண் குழந்தை. “அத்தைக்குப் பக்குவம் போதலன்னு நானே பத்தியக் குழம்பு வைக்கிறேன் மிஸ்ஸி. உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்” என்றாள். ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்டேன். “அடிச்சுப் போட்ட மாரி தூங்குறேன் லா” என்று சிரித்தாள். பெரியவன் என் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தான். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது ஃபெரியில் நல்ல காற்று. பாலம் இன்னும் கட்டி முடிக்காத காலம், கடலில் தூண்கள் மட்டும் நின்றன. மர பெஞ்சில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. இந்தப் பக்கம் கரை வந்து எல்லாரும் இறங்கிய பிறகு, யாரோ ஓர் அம்மா தோளைத் தொட்டு எழுப்பினார். “இறங்கலயா தங்கச்சி? ரொம்ப நாளாத் தூங்கலயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.